டிரையர் சூடாகவில்லையா, துணி காயவில்லையா: நீங்களே பார்க்கக்கூடியவை

ஊரில் மொட்டை மாடியும் கொடிக்கயிறும் பார்த்துக்கொண்ட வேலையை கனடாவிலும் அமெரிக்காவிலும் பேஸ்மென்டில் நிற்கும் டிரையர் செய்கிறது. ஜனவரி மாதத்தில், அதுவும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், அது ஒரு வாரம் நின்றுபோனால் பெரும்பாடு. இருந்தாலும் புதிதாக வந்தவர்களுக்கு அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. வாடகைக்கு வரும்போதே வீட்டில் இருக்கும், பட்டனை அழுத்தினால் ஓடும். ஒருநாள் சூடு வராது. அல்லது இரண்டு தடவை ஓட்டியும் ஜீன்ஸின் இடுப்புப்பட்டி ஈரமாகவே இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பதற்கே தனியாகப் பணம். அவர் வந்ததும் முதலில் பார்க்கும் நான்கைந்து விஷயங்களை நீங்களே பார்த்துவிட முடியும். பல வீடுகளில் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

இங்கே நான் சொல்வது மின்சாரத்தில் ஓடி, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் டிரையரைப் பற்றி. பின்னால் எட்டிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில் வயரும், மூன்று அல்லது நான்கு கால்கள் உள்ள பெரிய பிளக்கும் இருந்தால் உங்களுடையது இந்த வகைதான். சாதாரண பிளக்கோடு ஒரு கேஸ் குழாயும் சேர்ந்து வந்தால் அது கேஸ் டிரையர். அதன் உள்ளே நீங்கள் கை வைக்க வேண்டாம், அதற்கென்று உரிமம் பெற்றவரை அழையுங்கள். வெளியே போகும் குழாயே இல்லாத ஹீட் பம்ப் டிரையரின் பராமரிப்பும் வேறு.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிரையர் அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று எலிமென்ட் எனப்படும் சூட்டுக்கம்பிச் சுருளைக் கடந்து சூடாகிறது. பிறகு டிரம்மில் புரளும் துணிகளுக்கு நடுவே புகுந்து ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அடுத்து துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சைப் பில்டரில் விட்டுவிட்டு, ஊதி எனப்படும் விசிறி வழியாகக் குழாய்க்குள் போய், வெளிச்சுவரில் இருக்கும் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. பெரும்பாலான மாடல்களில் ஒரே மோட்டார்தான் டிரம்மையும் சுற்றுகிறது, ஊதியையும் ஓட்டுகிறது.

ஈரத்தை வெளியே கொண்டுபோவது காற்று. சூடு அதற்குத் துணை. எவ்வளவு சூடு இருந்தாலும் காற்று வெளியேற வழியில்லை என்றால் துணி வேகுமே தவிர காயாது. டிரையர் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தக் காற்று வழியில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். எலிமென்ட் போச்சு, ஃபியூஸ் போச்சு என்று வருபவற்றிலும் பல, அடைத்துக்கொண்ட குழாயின் பின்விளைவுதான்.

அடுத்தது மின்சாரம். வட அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக் பாயின்ட் 120 வோல்ட். டிரையருக்கு மட்டும் 240 வோல்ட், 30 ஆம்ப் தனி இணைப்பு. அதில் இரண்டு மின்கம்பிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 120 வோல்ட். மோட்டாருக்கு ஒரு கம்பி போதும். எலிமென்ட்டுக்கு இரண்டும் வேண்டும். டிரம் நன்றாகச் சுற்றியும் காற்று ஜில்லென்று வருவதற்கு இதுவே ஒரு முக்கியமான காரணம்: இரண்டில் ஒரு கம்பியில் மின்சாரம் வரவில்லை.

கை வைப்பதற்கு முன்

டிரையரின் மூடியையோ வயரையோ தொடும் வேலை எதுவானாலும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பட்டனை ஆஃப் செய்தால் போதாது. பிளக் எட்டவில்லை என்றால் வீட்டு மின்பெட்டியில் டிரையருக்கு உரிய சுவிட்சை, அதாவது பிரேக்கரை, ஆஃப் செய்துவிட்டு, டிரையரை மெதுவாக முன்னால் இழுத்து, அப்புறம் பிடுங்குங்கள். உள்ளே தகரத்தின் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம். கழற்றும் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்றால் உள்ளே எதையும் திறக்கவே வேண்டாம். பில்டர், வெளிமூடி, பிரேக்கர் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, சரியாகவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்டாரியோவில் வாடகையோடு கொடுத்த சாதனங்களைப் பழுது பார்த்துத் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

சுற்றுகிறது, ஆனால் சூடு இல்லை

1. முதலில் செட்டிங்கைப் பாருங்கள். ஏர் ஃபிளஃப், ஏர் ட்ரை என்று ஒரு நிலை இருக்கும். அதில் சூடே வராது. பிள்ளைகள் குமிழைத் திருகி விளையாடியிருக்கலாம்.

2. பிரேக்கர் பெட்டிக்குப் போங்கள். டிரையருக்கு உரியது இரண்டு பிரேக்கர்கள் சேர்ந்தாற்போல் அகலமாக, 30 என்று எழுதியிருக்கும். பார்வைக்கு ஆன் மாதிரியே இருந்தாலும் உள்ளே ஒரு பக்கம் விழுந்திருக்கலாம். அதனால் முழுவதுமாக ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் செய்யுங்கள். சூடு வந்துவிட்டால் நல்லது. திரும்பவும் விழுந்தால் மூன்றாவது முறை முயற்சிக்காதீர்கள். ஏதோ ஒன்று அதிக மின்சாரத்தை இழுக்கிறது என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

3. பிளக்கைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். கருகிய நிறம், உருகிய பிளாஸ்டிக், தீய்ந்த வாடை எது இருந்தாலும் அந்த வயரையும் சுவரில் உள்ள பாயின்ட்டையும் மாற்றாமல் டிரையரை ஓட்டக்கூடாது. வயர் டிரையருக்குள் போய்ச் சேரும் இடத்திலும் திருகுகள் தளர்ந்து கருகும். பின்னால் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் தெரியும்.

4. இவ்வளவும் சரியென்றால் கோளாறு உள்ளே. எலிமென்ட் அறுந்திருக்கலாம், அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும், அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மல் கட்-ஆஃப் போயிருக்கலாம். இதைப் பார்க்க மின்தடையை (ஓம் கணக்கில்) அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், கடையில் மலிவாகவே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பாகத்தின் இரு முனைகளிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். நல்ல எலிமென்ட் பல மாடல்களில் 10 ஓமை ஒட்டிக் காட்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. கட்-ஆஃபும், கீழே சொல்லப்போகும் தெர்மல் ஃபியூஸும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

எலிமென்ட்டில் இன்னொரு சோதனையும் உண்டு. அதன் முனைக்கும் வெளியே உள்ள தகர உறைக்கும் நடுவே அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. சுருள் தொய்ந்து உறையைத் தொட்டுவிட்டால், சூடில்லாத செட்டிங்கில்கூட டிரையர் சூடாகும். அப்படி ஒரு அறிகுறியை எப்போது கண்டாலும் உடனே நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள்

டிரையருக்குள் வெப்பத்தைக் கண்காணிக்கும் பாகங்கள் சில உள்ளன. சாதாரணமாகச் சூட்டை ஏற்றி இறக்குவது ஒரு தெர்மோஸ்டாட். எலிமென்ட்டின் பக்கத்தில் அளவு மீறினால் சூட்டை நிறுத்திவிட்டு, ஆறியதும் திரும்பத் தருவது இன்னொன்று. இவை இரண்டும் கைவிட்ட நிலையிலும் காப்பாற்ற இருப்பவை தெர்மல் ஃபியூஸும் கட்-ஆஃபும். அவை ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். அறுந்தால் மாற்ற வேண்டியதுதான். வேர்ல்பூல் வகை டிரையர்கள் பலவற்றில் பின்மூடியைக் கழற்றியதும் ஊதியின் உறையில் வெள்ளை நிறத்தில் அந்த ஃபியூஸ் தெரியும். சுமார் 91 டிகிரி செல்சியஸில் அது அறுந்துவிடும். சில மாடல்களில் அது போனால் டிரையர் ஓடவே ஓடாது, சிலவற்றில் டிரம் சுற்றும், சூடு மட்டும் நின்றுவிடும்.

இணையத்தில் இதை ஒரு துண்டு வயரால் இணைத்து ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபியூஸ் அறுந்தது உள்ளே காற்று நெருக்கி வெப்பம் ஏறியதால். அந்தக் காவலையும் எடுத்துவிட்டால் அடுத்து பற்றிக்கொள்வது பஞ்சுதான். புதிய ஃபியூஸ் போட்டுக் குழாயைப் பார்க்காமல் விட்டாலும் சில வாரங்களில் அதுவும் போகும். கட்-ஆஃப் போயிருந்தால் அதோடு எலிமென்ட் பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். இரண்டும் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும்.

சூடு இருக்கிறது, துணி காயவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

டிரையரை ஓட விட்டுவிட்டு வீட்டுக்கு வெளியே போங்கள். சுவரில் மூடியுள்ள ஒரு வாய் இருக்கும். மூடியின் தகடுகள் நன்றாகத் திறந்து, வெதுவெதுப்பான காற்று கையைத் தள்ளும்படி வர வேண்டும். தகடு பாதி திறந்து, காற்று மூச்சுவிடுவதுபோல் மெல்ல வந்தால் எங்கோ அடைப்பு. சில நேரம் அடைப்பு அந்த வாயிலேயே இருக்கும். குருவி கூடு கட்டியிருக்கும், ஈரப்பஞ்சு கட்டியாக ஒட்டியிருக்கும், குளிர்காலத்தில் பனி குவிந்து மூடியிருக்கும், ஈரம் உறைந்து தகடு திறக்காமல் நிற்கும். பறவைக்குப் பயந்து உள்ளே கம்பிவலை அடித்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வலையில் பஞ்சு சீக்கிரமே திரை கட்டிவிடும், கட்டட விதிகளும் அதை அனுமதிப்பதில்லை.

வெளிவாய் சுத்தமாக இருந்தால் அடுத்தது டிரையரின் பின்பக்கம். அங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. இடம் போதவில்லை என்று டிரையரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவார்கள், பின்னால் உள்ள குழாய் நசுங்கிப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. துணி காய்வதற்கு முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். குழாய் எதனால் ஆனது என்றும் பாருங்கள். வெள்ளை நிற பிளாஸ்டிக் சுருள்குழாய் என்றால் இன்றே மாற்றுங்கள், அது வெப்பத்தில் உருகும், எரியும். வெள்ளித்தாள் மாதிரி மெல்லிய சுருள்குழாயும் எளிதில் நசுங்கும், மடிப்புகளில் பஞ்சு சேரும். உள்பக்கம் வழுவழுப்பான, 4 அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய்தான் நல்லது. வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓரளவு கெட்டியான அலுமினிய வளைகுழாய் போடலாம்.

நீளத்துக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி பொதுவாக 35 அடிக்குமேல் போகக்கூடாது. குழாய் திரும்பும் ஒவ்வொரு 90 டிகிரி முழங்கை வளைவுக்கும் அதில் 5 அடி கழியும். மூன்று முழங்கைகள் என்றால் மிச்சம் 20 அடிதான். டிரையர் தயாரிப்பாளரின் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றலாம். இணைப்புகளைத் திருகாணியால் முடுக்கினால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடிக்கும். அலுமினிய ஒட்டு டேப் போதும். டக்ட் டேப் என்று கடையில் விற்கும் துணி டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். குழாயை பரணிலோ பேஸ்மென்டுக்குள்ளோ முடிக்கக் கூடாது. அந்த ஈரமெல்லாம் மரச்சட்டங்களில் பூஞ்சையாக மாறும்.

அடைப்பு குழாயிலா, டிரையரிலா என்று சந்தேகம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு. மின்சார டிரையருக்கு மட்டும் இது. பின்னால் குழாயைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருந்துகொண்டே சின்ன ஒரு லோடு ஓட்டிப் பாருங்கள். அறையில் ஈரமும் பஞ்சும் பறக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். இப்போது துணி ஒழுங்காகக் காய்ந்தால் குற்றவாளி குழாய். அப்போதும் காயவில்லை என்றால் டிரையருக்குள் தேட வேண்டும்.

குழாயைச் சுத்தம் செய்ய, ஒன்றோடு ஒன்று கோத்து நீட்டும் பிரஷ் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். டிரையர் பக்கத்திலிருந்து நுழைத்துச் சுழற்றி இழுத்து, வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும், பெரிய குடும்பம் என்றால் இரண்டுமுறை. டொரோன்டோ பக்கம் கான்டோவில் இருப்பவர்கள் லாண்டரி அலமாரியின் மேல்பக்கச் சுவரையோ கூரையையோ பாருங்கள். பல கட்டடங்களில் குழாயின் நடுவே இரண்டாவது பஞ்சுப் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். குடிவந்து பல வருடமாகியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. அதைத் திறந்தால் உள்ளே கம்பளி மாதிரி பஞ்சு இருக்கும்.

இதெல்லாம் துணி காய்வதற்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளைப் பார்த்து, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் டிரையரிலிருந்து தொடங்கியதாகக் கணக்கிட்டது. அவற்றுக்கு முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம்.

பில்டரும் உணரியும்

பில்டரை ஒவ்வொரு லோடுக்கும் சுத்தம் செய்யுங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் பஞ்சை எடுத்தால் மட்டும் போதாது. மணத்துக்காகப் போடும் டிரையர் ஷீட் வலையில் மெழுகுபோல் ஒரு படலத்தை விட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. குழாயடியில் பில்டரைப் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் இறங்காமல் வலைமேல் தேங்கினால் காற்றுக்கும் அதே நிலைதான். சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஆட்டோ மோடில் போட்டால் ஈரமாக இருக்கும்போதே நின்றுவிடுகிறதா? டிரம்முக்குள் பில்டர் பக்கமாகவோ பின்சுவரிலோ இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் தொடும்போது ஈரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உணரி அது. அதன் மேலும் அதே மெழுகுப் படலம் படியும். ரப்பிங் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். இரண்டு சட்டை மட்டும் போட்டு ஓட்டினாலும் பட்டையில் படாமல் சீக்கிரம் நின்றுவிடும், அது கோளாறு இல்லை. அதேபோல் டிரம்மை அடைத்து நிரப்பினால் காற்று புக இடமிருக்காது. முக்கால் பங்குக்குமேல் போட வேண்டாம். வாஷரிலிருந்து துணி சொட்டச்சொட்ட வந்தால் பழுது வாஷரில். டிரையரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஓடவே இல்லை, அல்லது சத்தம் போடுகிறது

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பிரேக்கர், அடுத்து கதவு. கதவை மூடும்போது சின்ன க்ளிக் சத்தம் கேட்க வேண்டும், இல்லையென்றால் கதவுச் சுவிட்ச் போயிருக்கலாம். அதற்கடுத்த சந்தேகம் மேலே சொன்ன தெர்மல் ஃபியூஸ். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை, கையால் தள்ளினால் லேசாகச் சுழல்கிறது என்றால் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் மோட்டாரும் ஓடாதபடி சுவிட்ச் வைத்த மாடல்களும் உண்டு.

கீச் என்ற சத்தம் பெரும்பாலும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சிறு சக்கரத்தில். தடதடவென்று ஒரே தாளத்தில் இடித்தால் டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்திருக்கும். தகரத்தில் தகரம் உரசுவதுபோல் கேட்டால் டிரம்மின் முன்பக்கத் தாங்கு பட்டைகள் தேய்ந்துவிட்டன, துணியில் கருப்புக் கோடுகள்கூட விழும். கிணுகிணுவென்றால் யாரோ பாக்கெட்டில் விட்ட சில்லறை. உருளை, சக்கரம், பெல்ட் மூன்றும் ஒரே செட்டாக வரும். ஒன்றை மாற்ற டிரம்மைக் கழற்ற வேண்டியிருப்பதால் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அந்த வேலையை ஆறு மாதத்தில் திரும்பச் செய்ய யாருக்கும் மனம் வராது. கழற்றிய நேரத்திலேயே உள்ளே தரையில் படிந்திருக்கும் பஞ்சையும் வாக்குவத்தால் உறிஞ்சிவிடுங்கள்.

எண்ணெய்த் துணி விஷயத்தில் கவனம்

நம் வீடுகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துத் துடைத்த துண்டு, எண்ணெய்ச் சட்டி பிடித்த கரித்துணி, விளக்கு துடைத்த துணி இவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே டிரையரில் போடாதீர்கள். தாவர எண்ணெய்கள் காற்றோடு கலந்து வினைபுரியும்போது தாமே சூடாகும். டிரையரின் வெப்பம் அதை வேகப்படுத்தும். துணியைச் சூடாகவே குவித்துவைத்தால் உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லாமல், டிரையர் நின்ற பிறகும் தானாகவே தீப்பிடிக்கலாம். வாஷரில் ஒருமுறை போட்டால் எண்ணெய் முழுதும் போய்விடாது. வெந்நீரும் கூடுதல் சோப்பும் போட்டுத் துவைத்து, முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் கொடியில் உலர்த்துங்கள். தேங்காய் எண்ணெயில் இந்த வினை மிகக் குறைவு என்றாலும் டிரையர் கையேடுகள் எல்லாச் சமையல் எண்ணெய்க்கும் ஒரே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. சுழற்சியின் கடைசியில் வரும் சூடில்லாத சில நிமிடங்களை நடுவில் நிறுத்தாமல் ஓட விடுவதும் இதற்காகத்தான்.

ஒன்டாரியோவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வாரநாட்களில் மாலை 7 மணிக்கு மேல் மின்சாரம் மலிவு, சனி ஞாயிறு முழுவதும் மலிவு. அதனால் பலர் படுக்கப் போகும்போது டிரையரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். 7 மணிக்கே போட்டு, படுப்பதற்கு முன் முடித்துவிடுங்கள். ஆள் விழித்திருக்கும்போதுதான் டிரையர் ஓட வேண்டும், வெளியே கிளம்பும்போதும் ஓட விட்டுப் போகாதீர்கள்.

வீடு மாறும்போதும், மெக்கானிக்கை அழைக்கும்போதும்

அமெரிக்காவில் 1996-க்கு முன் கட்டிய வீடுகளில் டிரையர் பாயின்ட் பெரும்பாலும் மூன்று கால், அதற்குப் பிந்தையவற்றில் நான்கு கால். பழைய டிரையரைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் பிளக் பொருந்தாமல் போகலாம். அடாப்டரோ எக்ஸ்டென்ஷன் வயரோ தேடாதீர்கள், டிரையரின் வயரையே மாற்ற வேண்டும். நான்கு கால் வயர் போடும்போது, உள்ளே நியூட்ரல் கம்பியையும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) டிரையரின் தகர உடலையும் சேர்க்கும் பட்டையைக் கழற்றியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் டிரையரின் தகரத்தில் மின்சாரம் பாயும் அபாயம் இருக்கிறது. இதில் கொஞ்சமும் தயக்கம் இருந்தால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மெக்கானிக்கை அழைப்பது என்று முடிவானால், கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள், மாடல் எண் அதில் இருக்கும். டிரம் சுற்றுகிறதா, சூடு வருகிறதா, வெளிவாயில் காற்று எப்படி வருகிறது, பிரேக்கரை ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா, இந்த நான்கையும் சொல்லுங்கள். பாகத்தோடு வந்து ஒரே நடையில் முடித்துவிடுவார்.